முக்கோணத்தின் விடுபட்ட கோணம்: 64 பக்கப் பயிற்சி ஏடு ஒன்றைப் பற்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் பகுதியின் பங்களாதேஷ் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், எழுதுபொருள் கடையொன்றில் 120 ராண்டுக்கு ஒரு பயிற்சி ஏடு வாங்கினேன். முக்கோணத்தில் கொடுக்கப்படாத கோணத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றே அதன் 64 பக்கங்களுக்கும் பொருள். டியூஷன் ஆசிரியர் ஒருவர் தாமே அச்சடித்துச் சுருள்கம்பி போட்டு விற்கும் ஏடு அது. குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் அவர் பெயரைத் தவிர்க்கிறேன்.

மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை, தெரிந்த இரண்டைக் கூட்டிக் கழித்தால் மூன்றாவது வந்துவிடும், இதற்கு ஒரு தனி ஏடு எதற்கு என்றுதான் மதுரையில் படித்த எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் விடையை மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது எந்தத் தேற்றத்தால் வந்தது என்ற காரணத்தையும் எழுதவேண்டும். மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில், கணிதத்தின் இரண்டாம் தாளில் பல இடங்களில் கூற்றுக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்தே திருத்துகிறார்கள். இந்த ஏடு முதல் கணக்கிலிருந்தே பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்புறம் கூற்றுக்கும் வலப்புறம் காரணத்துக்குமாக ஒதுக்கியிருக்கிறது. வலப்புறம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த கணக்குக்குப் போக என் மகளுக்கு மனம் வரவில்லை. பள்ளியில் அவள் இழந்துகொண்டிருந்த மதிப்பெண்கள் இந்த வலப்புறத்தில்தான் இருந்தன.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அடிப்பக்கத்தை வலப்புறம் நீட்டி, அங்கே உண்டாகும் வெளிக்கோணம் 118 பாகை என்றும், இடப்புற அடிக்கோணம் 47 பாகை என்றும் கொடுத்து, உச்சிக்கோணத்தைக் கேட்கிறார்கள். என் மகள் முதலில் 180இலிருந்து 118ஐக் கழித்து 62 என்று எழுதி, பிறகு 62ஐயும் 47ஐயும் கூட்டி, மறுபடியும் 180இலிருந்து கழித்து 71 என்று முடித்தாள். தவறில்லை, ஆனால் இரண்டு கூற்றும் இரண்டு காரணமும் தேவைப்பட்டன. வெளிக்கோணம் அதன் உள்ளெதிர்க் கோணங்களின் (முக்கோணத்தின் உள்ளே, அதை ஒட்டாமல் எதிரே இருக்கும் இரண்டு கோணங்களின்) கூடுதலுக்குச் சமம் என்ற ஒரே காரணத்தால் 118இலிருந்து 47ஐக் கழித்தால் அதே 71 வருகிறது என்பதை விடைப்பகுதி இரண்டு வழிகளையும் பக்கம்பக்கமாக எழுதிக் காட்டுகிறது. அவள் காரணத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள். ஆனாலும் ‘உள்ளெதிர்’ என்று நான் தமிழில் சொன்ன பிறகுதான் எந்த இரண்டு கோணங்கள் என்ற குழப்பம் தீர்ந்தது.

படங்கள் வேண்டுமென்றே அளவுக்கு ஒவ்வாமல் வரையப்பட்டுள்ளன. 35 பாகை என்று குறித்த கோணம் கண்ணுக்கு அறுபதைப்போல் தெரிகிறது. கோணமானியை வைத்து அளந்து விடையெழுதும் குறுக்குவழி இதனால் அடைபட்டுப்போகிறது. என் மகளும் ஒருமுறை அளந்து, 52 என்று எழுதி, மாட்டிக்கொண்டாள். படமே இல்லாத கணக்குகளும் உண்டு. ஓர் இருசமபக்க முக்கோணத்தின் ஒரு கோணம் 40 பாகை, மற்றவை யாவை என்ற கேள்விக்கு 70, 70 என்பதோடு 40, 100 என்பதையும் எழுதினால்தான் விடை முழுமை. அடுத்த கேள்வியில் அந்த ஒரு கோணம் 100 பாகை. இங்கே 40, 40 என்று ஒரே விடைதான் உண்டு, ஏன் என்று கேட்டு நான்கு வரி இடம் விட்டிருக்கிறார். இந்தப் பக்கத்தை எழுதியவர் பிள்ளைகளுக்குப் பலகாலம் சொல்லிக்கொடுத்தவராகத்தான் இருக்கவேண்டும்.

அப்படிப்பட்டவர் அச்சுக்கு முன் ஒருமுறை சரிபார்த்திருக்கக்கூடாதா என்பதே என் மனக்குறை. ஒரு கணக்கில் 48, 74 என்று இரண்டு கோணங்களைக் கொடுத்து, இரண்டு பக்கங்களின்மேல் சமம் என்பதற்கான சிறுகோடுகளையும் போட்டிருக்கிறார். விடை 58 என்று இருக்கிறது. “ரெண்டு பக்கமும் சமம்னா ரெண்டு கோணமும் சமமா இருக்கணுமில்ல, அம்மா?” என்று என் மகள் கேட்டபோது, நானும் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்படியொரு முக்கோணமே இருக்கமுடியாது என்று ஒப்புக்கொண்டேன். இதுபோல் மூன்று பிழைகள் எங்கள் கண்ணில் பட்டன. துணைக்கு ஆளில்லாமல் தனியே படிக்கும் பிள்ளை, தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்ளும்.

மற்றொன்று, வரிசை. காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டினால் நேர்கோடு வருவதை முதல் பக்கத்தில் காட்டுகிறார். அது நல்ல விளையாட்டு, நிரூபணம் அன்று. உச்சியின் வழியே அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்களைக் கொண்டு நிறுவும் பகுதி 51ஆம் பக்கத்தில் கிடக்கிறது. இணைகோடுகளை இதே ஆண்டில் படிக்கும் பிள்ளைக்கு அதைப் பத்தாம் பக்கத்திலேயே கொடுத்திருக்கலாம். இயற்கணிதம் கலந்த கணக்குகள் (எக்ஸ், 2 எக்ஸ் கூட்டல் 10, 3 எக்ஸ் கழித்தல் 10 போன்றவை) ஒன்பதே இருக்கின்றன, போதாது. தாளும் மெல்லியது, இரண்டுமுறை ரப்பரால் அழித்தால் கிழிகிறது.

பக்கத்து வீட்டு அக்கா 2010இல் மெட்ரிக் எழுதியவர். 2008 முதல் 2013 வரை, இத்தகைய தேற்றங்களைக் கொண்ட யூக்ளிடின் வடிவியல் விருப்பத் தாளான மூன்றாம் தாளில் இருந்து, 2014இல்தான் மீண்டும் கட்டாயத் தாளுக்கு வந்தது. ஆகையால் அவர் அந்தத் தேற்றங்களை மெட்ரிக்கில் எழுதியதேயில்லை. மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக என்னிடம் இந்த ஏட்டை இரவல் வாங்கிப்போய், மகனுக்கு முன்பாகத் தாமே இருபது பக்கங்களைப் பென்சிலால் போட்டு முடித்துவிட்டார். அந்த மூன்று பிழைகளையும் சிவப்பு மையால் திருத்திய பிறகே கொடுத்தேன். இப்போது அவருக்கும் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை வாங்கவேண்டும்.