போனில் டேட்டாபேஸ் சர்வரைப் பார்க்க ஆப் வாங்கும் முன்: கனெக்ஷன் எங்கிருந்து வருகிறது என்று சர்வரில் பாருங்கள்

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் சர்வர்களை போனிலிருந்தே கவனித்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஆண்டுச் சந்தாவுக்கு விற்கப்படும் ஒரு ஆப்பைப் பற்றிய எச்சரிக்கை இது. இதே வேலையைச் செய்யும் ஆப்கள் வேறு பெயரிலும் வரும் என்பதால், எந்த ஆப்பையும் நீங்களே சோதித்துப் பார்க்கும் வழியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரத்தில் சொன்னது, போனிலிருந்து சர்வருக்கு நேரடி இணைப்பு, எஸ்எஸ்ஹெச் டன்னல் (சர்வர் வரை மறைகுறியாக்கிய பாதை) வசதியுடன். நடந்தது வேறு. போனில் உள்ளிட்ட ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்டு, டன்னலுக்கான ப்ரைவேட் கீ அத்தனையும் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்துதான் நம் டேட்டாபேஸுக்குள் லாகின் ஆகி, க்வெரியை ஓட்டி, விடையை மட்டும் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதாவது முன்பின் தெரியாத ஒரு சர்வரில் நம் சாவி கிடக்கிறது. வாடிக்கையாளர் விவரம், பில், சம்பளப் பட்டியல் எல்லாம் அவர்கள் வழியாக ஓடுகிறது. இதைப் பற்றி ஆப்பிலோ பிரைவசி பக்கத்திலோ ஒரு வரி கிடையாது.

இதைச் சோதிக்க டேட்டாபேஸை மட்டும் பார்த்தால் போதாது. இப்போதுள்ள கனெக்ஷன்களைக் காட்டும் போஸ்ட்கிரஸின் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியிலோ மைஎஸ்க்யூஎல்லின் ஷோ பிராசஸ்லிஸ்ட்டிலோ 127.0.0.1 அல்லது லோக்கல்ஹோஸ்ட் (அதாவது அதே சர்வர்) என்று வந்தால் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். டன்னல் யாருடையதாக இருந்தாலும் அங்கே அப்படித்தான் தெரியும். பார்க்க வேண்டியது எஸ்எஸ்ஹெச் லாக், அதாவது லாகின் பதிவேடு. உபுண்டுவிலும் பழைய டெபியனிலும் வார் லாக் ஃபோல்டரில் (/var/log) ஆத் லாக் (auth.log) ஃபைல்; டெபியன் 12 முதல் இயல்பாக அந்த ஃபைல் இல்லை, ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பாருங்கள். ராக்கி, அல்மா போன்றவற்றில் வார் லாக் ஃபோல்டரிலேயே செக்யூர் என்ற ஃபைல். அதில் கீ ஏற்றுக்கொள்ளப்பட்ட வரியில் from என்ற சொல்லுக்கு அடுத்து ஐபி முகவரி இருக்கும். அதை ஹூயிஸில் போட்டு யாருடையது என்று பாருங்கள். போனில் மொபைல் டேட்டா ஓடும்போது உங்கள் சிம் கம்பெனியின் பெயர் வர வேண்டும். ஏதோ ஒரு கிளவுட் ஹோஸ்டிங் கம்பெனியின் பெயர் வந்தால் கனெக்ஷன் உங்கள் போனிலிருந்து வரவில்லை. (போனில் விபிஎன் ஓடினால் அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.) முகவரியின் எண்களை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். மொபைல் நெட்வொர்க்கில் பலருக்கு ஒரே பொது முகவரிதான், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆப்பில் கனெக்ட் ஆனதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு சர்வரைக் கவனியுங்கள். பழைய கனெக்ஷன் பட்டியலில் கொஞ்ச நேரம் கிடப்பது இயல்பு, ஏனென்றால் போன் அறுந்துபோனது சர்வருக்கு உடனே தெரியாது. ஆனால் புது லாகின் வந்தாலோ, க்வெரி தொடங்கிய நேரம் நகர்ந்துகொண்டே இருந்தாலோ, உங்கள் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள். இந்த ஆப் இரண்டிலும் மாட்டியது.

சப்போர்ட்டில் கேட்டபோது வந்த பதில் அதைவிட மோசம். டன்னலே வேண்டாம், ஃபயர்வாலில் 3306 போர்ட்டை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், எந்த ஹோஸ்டிலிருந்தும் வரக்கூடிய ஒரு யூசரை உருவாக்கி எல்லா உரிமையும் கொடுங்கள் என்றார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். 3306 (மைஎஸ்க்யூஎல்), 5432 (போஸ்ட்கிரஸ்), 6379 (ரெடிஸ்), 27017 (மோங்கோடிபி) ஆகிய டேட்டாபேஸ் போர்ட்களைத் தேடித் தட்டிப் பார்க்கும் பாட்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி சர்வர்களில் டேட்டாவை அழித்துவிட்டு, பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பை மட்டும் விட்டுப் போனார்கள்.

பணம், பிரைவசி ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றாட வேலையைக் கெடுத்தது இந்த ஆப் டிரான்சாக்ஷனைக் கையாண்ட விதம். ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே உறுதிசெய்து சேமிக்கும் அமைப்பை) அணைத்தே வைத்திருந்தார்கள். திரையில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. பில் டேபிளில் ஒரு வரிசையை அப்டேட் செய்கிறீர்கள், அப்போது போன்கால் வருகிறது, ஆப் பின்னணிக்குப் போகிறது. கமிட் ஆகாத அந்த வரிசை வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டு (லாக் ஆகி) நிற்கும். அதே வரிசையைத் தொடும்போது, கடையில் பில் போடுபவருக்கு மைஎஸ்க்யூஎல்லில் 50 விநாடி காத்திருந்த பிறகு 1205 என்ற பிழை வரும்; ஏன் என்று அவருக்குத் தெரியாது. போஸ்ட்கிரஸில் அதுவும் வராது, லாக் டைம்அவுட் இயல்பாக 0 என்பதால் காத்துக்கொண்டே இருக்கும். போன் நேரடியாகக் கனெக்ட் ஆகியிருந்தால் லினக்ஸின் கீப்அலைவ் 7200 விநாடிக்குப் பிறகு சோதித்து, பதில் இல்லாத கனெக்ஷனை வெட்டிவிடும். இடையில் இந்த நிறுவனத்தின் சர்வர் உயிரோடு பதில் சொல்லிக்கொண்டே இருப்பதால் அதுவும் நடக்காது. மைஎஸ்க்யூஎல்லின் வெயிட் டைம்அவுட்டான 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம் வரை அந்த லாக் அப்படியே நிற்கலாம்.

ஏற்கெனவே இப்படி ஒரு ஆப்பில் விவரம் கொடுத்துவிட்டவர்கள் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் உள்ளே இருக்கும் கனெக்ஷன் அறுபடாது. முதலில் ஃபயர்வாலில் அந்த முகவரியைத் தடுத்துவிடுங்கள். சர்வருக்குள் வர அனுமதி உள்ள கீகளின் பட்டியலான ஆதரைஸ்டு கீஸ் ஃபைலிலிருந்து அந்தக் கீயை எடுத்துவிட்டு, நீங்கள் போடாத கீ வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதன்பின் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்ஹெச் செஷனையும் டேட்டாபேஸ் செஷன்களையும் கில் செய்யுங்கள். யூசர் பட்டியலில் புதிய பெயர் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வேலை. அதே பாஸ்வேர்டை வெப்சைட்டின் கான்ஃபிக் ஃபைலிலும் வைத்திருந்தால் அதையும் கையோடு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சைட் நின்றுவிடும்.

போனிலிருந்து சர்வரைப் பார்ப்பதே தவறு என்று சொல்லவில்லை. இரவு 11 மணிக்கு டிஸ்க் நிறைந்தால் கையில் இருப்பது போன்தான். ஆண்ட்ராய்டில் எஃப்-டிராய்டு ஆப் ஸ்டோரிலிருந்து டெர்மக்ஸ் (கட்டளைகளை ஓட்டும் டெர்மினல் ஆப்) போட்டு, ஓபன்எஸ்எஸ்ஹெச்சையும் போஸ்ட்கிரஸ் அல்லது (மைஎஸ்க்யூஎல்லுக்கு) மரியாடிபி கிளையன்ட்டையும் சேர்த்துக்கொண்டால் போதும். கீயைப் போனிலேயே உருவாக்குங்கள், எட்25519 வகை, பாஸ்ஃபிரேஸ் கட்டாயம். சர்வரின் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் அந்த வரிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட், போர்ட்-ஃபார்வர்டிங், பெர்மிட்ஓபன் ஆகிய மூன்றையும் சேர்த்து, பெர்மிட்ஓபனில் 127.0.0.1:5432 என்று மட்டும் கொடுங்கள் (மைஎஸ்க்யூஎல் என்றால் 3306). ரெஸ்ட்ரிக்ட் போட்டாலும் ஷெல் கட்டளை ஓடும். அதையும் தடுக்க அந்த வரியிலேயே கமாண்ட் என்பதற்கு ஃபால்ஸ் புரோகிராமைக் கொடுத்துவிடுங்கள். போன் தொலைந்தாலும் அந்தக் கீயால் ஷெல் கட்டளை ஓட்டவோ, டன்னல் வழியாக வேறு போர்ட்டுக்குப் போகவோ முடியாது. டன்னல் திறக்கும்போது கட்டளையில் -N (பெரிய எழுத்து) ஆப்ஷனைப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் உடனே மூடிக்கொள்ளும்.

டேட்டாபேஸில் போனுக்கென்று தனி யூசர் வேண்டும். படிக்கும் உரிமை மட்டும், கனெக்ஷன் வரம்பு 2. போஸ்ட்கிரஸில் அந்த ரோலுக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 15 விநாடி, டிரான்சாக்ஷனில் சும்மா கிடக்கும் செஷனுக்கான டைம்அவுட் 30 விநாடி என்று வைத்தால் மேலே சொன்ன லாக் பிரச்சினை வராது. எழுதியே ஆக வேண்டும் என்றால் அதற்கு இன்னொரு யூசர். மைஎஸ்க்யூஎல்லில் அந்தச் செஷனுக்கு சேஃப் அப்டேட்ஸை இயக்கிவிடுங்கள். இரண்டு வரியாக எழுதிய டெலிட்டில், எதை அழிப்பது என்ற நிபந்தனை (WHERE) உள்ள இரண்டாம் வரி விடுபட்டு முதல் வரி மட்டும் செலக்ட் ஆகி ஓடிவிடுவது சின்னத் திரையில் சுலபமாக நடக்கும். சேஃப் அப்டேட்ஸ் இருந்தால் 1175 பிழையோடு நின்றுவிடும். இல்லாவிட்டால் டேபிளே காலி. ஐபோனில் ஸ்மார்ட் பங்க்சுவேஷனையும் அணைத்துவிடுங்கள். அது நேர் மேற்கோள் குறியை வளைத்துவிடும், இரண்டு ஹைஃபனை ஒரு நீளக் கோடாக்கிவிடும், அந்த இரண்டு ஹைஃபனில் தொடங்கும் கமென்ட் கமென்ட்டாக இருக்காது.

ரீஃபண்ட் கேட்டால் இந்த நிறுவனம் இழுத்தடிக்கிறது. ப்ளே ஸ்டோர் வழியாகப் பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம். அதற்குப் பிறகு ஆப் நிறுவனத்தைத்தான் கேட்கச் சொல்வார்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் பேமென்ட்ஸ், சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் கேன்சல் செய்ய வேண்டும். அவர்களின் வெப்சைட்டில் யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பில் அந்த மேண்டேட்டைத் திறந்து ரத்து செய்துவிடுங்கள்.