கியர் சைக்கிள், சில வருஷம் ஓட்டிய பிறகு: வால்வைப் பற்றி ஒரு புலம்பல்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கியர் சைக்கிள் வாங்கப் போகிறான். நான் வைத்திருக்கும் அதே மாடல்தான். இப்போது விலை குறைத்திருக்கிறார்களாம். "அண்ணா, நெஜத்தைச் சொல்லுங்க. எத்தனை நாளைக்கு ஒரு தடவ எடுக்கறீங்க? எடுத்தா எவ்வளவு தூரம் போறீங்க?" என்று கேட்டான். கியர் எத்தனை, எடை எவ்வளவு, பிரேக் எந்த வகை என்பதெல்லாம் கடைக்காரரே ஒப்பிப்பார். இதைக் கேட்கத் தோன்றியதற்காகவே அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். ஆனால் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. போன வாரம்தான் இரண்டு ரிம்மிலும் ஒரு வேலை செய்து எடுத்து வந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சைக்கிளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே கோளாறு வேறு கம்பெனி வண்டிகளிலும் உண்டு.

எத்தனை நாள் எடுக்கிறேன்? இரண்டு சக்கரத்திலும் காற்று இருக்கிற நாளில் எடுக்கிறேன். எவ்வளவு தூரம் போகிறேன்? பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு வீடு திரும்ப முடிகிற தூரம் போகிறேன். போன வாரம் வரைக்கும் உண்மையான பதில் இதுதான். எல்லாவற்றுக்கும் காரணம் டியூபிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒல்லி வால்வு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நம் ஊரில் ஓடுகிற வண்டிகளில் இரண்டு வகை வால்வு சாதாரணம். பால்காரர் ஓட்டும் பெரிய சைக்கிளில் இருப்பது பழைய டன்லப் வகை, உள்ளே சின்ன ரப்பர்க் குழாய் மாட்டியது. பைக்கிலும் காரிலும் இருப்பது மோட்டார் வால்வு. மூன்றாவதாக பிரெஸ்டா என்று ஒன்று இருக்கிறது, என் வண்டியின் ஒல்லி வால்வு அதுதான். அதன் தலையில் ஒரு குட்டி நட் இருக்கும். அதைத் தளர்த்தி, முனையை ஒரு தடவை அமுக்கி விட்டுவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். பந்தய சைக்கிள்களின் ரிம் ரொம்பக் குறுகலானது. அதில் பெரிய துளை போட்டால் பலம் குறையும். பிரெஸ்டாவுக்கு ஆறரை மில்லிமீட்டர் துளை போதும், மோட்டார் வால்வுக்கு எட்டுக்கு மேல் வேண்டும். அந்த வண்டிகளில் ஒல்லி வால்வு இருப்பதில் நியாயம் இருக்கிறது. என் வண்டி பந்தய வண்டியா? 32 மில்லிமீட்டர் அகல டயர் சப்பணம் போட்டு உட்காரும் அகலமான ரிம். இதற்கு எதற்கு அது? வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு இதையே கேட்டேன். "இது இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு சார்" என்றார்கள். சேலத்துப் பஞ்சர் கடைகளில் காற்று பிடிக்க முடியாதது என்ன இன்டர்நேஷனலோ.

இதனால் எத்தனை நாள் ஓட்டுகிறோம் என்பது எப்படி மாறும் என்று கேட்பீர்கள். என் டயருக்கு அறுபது, எழுபது பாயிண்ட் காற்று வேண்டும். பைக் டயருக்கு முப்பது பாயிண்ட் பக்கம் போதும், அதற்குள் இருக்கும் காற்றின் அளவும் பல மடங்கு. சைக்கிள் டியூபின் ரப்பர் மெல்லியது. ஓட்டையே இல்லாவிட்டாலும் காற்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒரு வாரம் விட்டால் கட்டை விரலால் அமுக்கும்போதே தெரிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து அப்படியே ஏறி ஓட்டினால், வேகத்தடையில் ரிம் இறங்கி டியூபைக் கடித்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிடும். ஓட்டாமல் வைத்தால் காற்று இறங்குகிறது. காற்று இறங்கியதால் ஓட்டுவதில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்து டயரை அமுக்கிப் பார்ப்பேன். தொளதொளவென்று இருக்கும். எதிரே ஸ்கூட்டர் சாவி தொங்கும். வீடு இருக்கும் கன்னங்குறிச்சியிலிருந்து ஆபீஸ் இருக்கும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஐந்தாறு கிலோமீட்டர், காலையில் சுகமான இறக்கம். ஆனாலும் அன்றைக்கு ஸ்கூட்டர்தான். சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். காற்று என்று நான் சொல்வேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 44.8 சதவீதக் குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. பைக், ஸ்கூட்டர் வைத்திருந்த குடும்பங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். கணக்கெடுக்க வந்தவர்கள் டயரை அமுக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் அந்த எண் என்னவாகியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்களையே பாருங்கள். பள்ளிக்கூடம் போகிறவரை நன்றாக ஓடும். பிள்ளைகள் காலேஜ் பஸ்ஸில் ஏறியதும் மாடிப்படிக்கு அடியில் போய்விடும்.

நிஜமாகவே தினமும் ஓட்டுகிறவர்கள் யாரென்றால் செவ்வாய்ப்பேட்டை, பட்டைக்கோயில் பக்கம் கேரியரில் கேன் கட்டி டீ விற்கிறவர்கள்தான். அவர்கள் வண்டியில் கியர் கிடையாது, ஹெல்மெட் கிடையாது, எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் செயலியும் கிடையாது. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவரிடம் ஒருநாள் கேட்டேன், "அண்ணே, தெனமும் எவ்வளவு தூரம் போவீங்க?" "கேன் காலியாகிற வரைக்கும்ங்க" என்றார். அவருடைய வால்வுக்கு எந்த மூலையிலும் காற்று கிடைக்கும்.

சரி, தூரத்துக்கு வருகிறேன். சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கத்துக்கென்று ஒரு பஞ்சர் இருக்கிறது. பைபாஸ் ஓரத்தில் வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பி. கண்ணுக்கே தெரியாது, டயரை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள். மானாவாரிக் காடுகளின் ஓரம் நெருஞ்சி. அது எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துத்தான் நிற்கும்.

போன மழைக்குப் பிறகு நெருஞ்சி காய்த்துக் கிடந்த சமயம், கஞ்சமலைச் சித்தர் கோயில் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது பின் டயர் உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளிப் போனதும் ஒரு பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, இரண்டு ஓட்டையையும் கண்டுபிடித்து, ஒட்டி, அழுத்தி, அழகாக மாட்டினார். காற்றுக் குழாயைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இதுக்கு எப்படீங்க தம்பி காத்துப் புடிக்கறது?" என்னிடம் பித்தளை அடாப்டர் இருந்தது. ஐம்பது ரூபாய்கூட ஆகாத துண்டு. அதைத் திருகி மாட்டினால் மோட்டார் வால்வு மாதிரி ஆகிவிடும். காற்று ஏறியது. அடாப்டரைக் கழற்றினேன். அதோடு சேர்ந்து வால்வின் உள் முனையும் திருகிக்கொண்டு வந்துவிட்டது. புஸ். மறுபடி மாட்டினோம், மறுபடி புஸ். அடுத்த தடவை அந்த ஊசி மாதிரி முனை வளைந்தே போனது. அவருக்கு என்மேல் பரிதாபம். ஒட்டியதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், அதையும் தயங்கித்தான் வாங்கினார். இளம்பிள்ளையிலிருந்து சேலை மூட்டை ஏற்றி வந்த குட்டியானை வேன் ஒன்று, மூட்டைகளுக்கு மேல் என் சைக்கிளைப் படுக்கப் போட்டு ஊர் கொண்டுவந்து சேர்த்தது. மாற்று டியூபை ஆன்லைனில் வாங்க வேண்டியிருந்தது. வந்து சேரும்வரை வண்டி ஓய்வில்.

அதற்கப்புறம் எங்கே கிளம்பினாலும் மனசுக்குள் ஒரு கயிறு. சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று மீட்டரையே பார்த்து ஓட்டுகிற எலக்ட்ரிக் ஸ்கூட்டர்காரரின் நிலைமைதான் எனக்கும். மூக்கனேரியைச் சுற்றுவேன், கோரிமேடு வரை மிதிப்பேன், குரும்பப்பட்டி பூங்கா பக்கம் போவேன். தாரமங்கலம் கோயிலுக்கு ஒரு ஞாயிறு போகலாம் என்றால், திரும்பத் தள்ளிக்கொண்டு வரும் தூரம் கண்ணில் வந்து நிற்கும். நம் ஊரிலேயே நீண்ட தூரம் ஓட்டும் கூட்டம் இருக்கிறது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே ஓட்டமெல்லாம் போகிறார்கள். அவர்கள் முதுகுப் பையில் இரண்டு டியூப், பம்ப், ஒட்டுகிற சாமான் எல்லாம் இருக்கும். கடைவீதிக்குத் தக்காளி வாங்கப் போக எனக்கு எதற்கு அவ்வளவு ஆயத்தம்?

திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமில்லை, ஏற்காட்டைச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஓரிரு முறை ஏறுகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அடிவாரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. இந்த வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 28 பல், பின்னால் பெரியதற்கும் 28. ஒரு மிதி மிதித்தால் சக்கரம் சரியாக ஒரு சுற்று சுற்றி, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகரும். அந்தக் கியரிலேயே ஏறினால் மேலே போய்ச் சேர ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிதி. நடப்பதைவிட வேகம், அவ்வளவுதான். ஆனால் இறங்கித் தள்ளவே வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய, வாரத்தில் பாதி நாள் ஸ்கூட்டரில் போகிற ஒருவனை இந்த வண்டி ஏற்காட்டுக்கு மூச்சு விடவிட்டுக் கூட்டிப் போகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. காபித் தோட்டத்து வாசனை வருகிற இடத்தில் வெயிலும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் யாராவது சைக்கிள் எப்படி என்று கேட்டால், இதைவிட நல்லது இல்லை என்றே சொல்லியிருப்பேன்.

இறங்கும்போது வேறு பாடு. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்பதால் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரியும். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டுத்தான் வருவேன். குரங்குகள் பையைப் பிடுங்கும், அது தனிக் கதை. அங்கே பஞ்சர் ஆனால், வழியில் நிறுத்தி உதவட்டுமா என்று கேட்கிற பைக் ஓட்டிகள் நிறைய. சிலரிடம் பம்ப்பும் இருக்கும். மோட்டார் வால்வுக்கான பம்ப்.

போன வாரம் இந்தக் கதையை முடித்தேன். அம்மாபேட்டையில் ஒரு பழைய சைக்கிள் மெக்கானிக். வால்வைப் பார்த்ததும், "துளையப் பெருசு பண்ணிட்டா ஆச்சுங்க" என்றார். எட்டரை மில்லிமீட்டர் பிட்டைப் போட்டு, ரிம்மின் வெளிச்சுவர், உட்சுவர் இரண்டிலும் துளையைப் பெரிதாக்கினார். உருட்டு அரம் விட்டு ஓரத்தைத் தேய்த்தார். பிசிறு இருந்தால் டியூபை அறுத்துவிடும். ரிம் டேப்பிலும் துளையைச் சரி செய்து, மோட்டார் வால்வு டியூப் போட்டு மாட்டிக் கொடுத்தார். மொத்தமே ஒரு மணி நேரத்துக்குள். கம்பெனி வாரண்டி இருந்தால் அதற்கு இதோடு கும்பிடு போட வேண்டியதுதான். குறுகலான பந்தய ரிம்மில் இதைச் செய்யக் கூடாது என்று அவரே சொன்னார். அகலமான ரிம்முக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி ஒல்லி வால்வே வேண்டுமென்றால் ஒரு ரப்பர் புஷ் போட்டு மாட்டிக்கொள்ளலாம். யாருக்கு வேண்டும்?

இந்த ஒரு வாரத்தில் தினமும் சைக்கிள்தான். தெருமுனைப் பஞ்சர் கடையில் நிறுத்தினால் பத்து வினாடியில் வேலை முடிகிறது. ஒன்று மட்டும் கவனம். சின்ன டயர் என்பதால் கம்ப்ரஸர் காற்று மளமளவென்று ஏறிவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று மீட்டரைப் பாருங்கள். மாலையில் அஸ்தம்பட்டி தாண்டியதும் வீடு வரைக்கும் மெல்லிய ஏற்றம், அதைக்கூட இரண்டு கியர் இறக்கிப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறேன். தூரம் பெரிதாகக் கூடவில்லை. அதே ஆபீஸ், அதே உழவர் சந்தை. பயணங்களில் கால் பங்குக்கு மேல் சைக்கிளிலேயே போகிற நெதர்லாந்துக்காரர்களும் பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான் மிதிக்கிறார்கள். அடிக்கடி எடுப்பதுதான் பெரிய விஷயம் போலிருக்கிறது, என் விஷயத்தில் அதற்குக் குறுக்கே நின்றது ஆறரை மில்லிமீட்டர்.

மற்றபடி செயின், கியர், பெயிண்ட், ஃபிரேம் எதிலும் குறையில்லை. சீட் முதல் மாதம் வலிக்கும், அப்புறம் பழகிவிடும். மட்கார்டு தனியாக வாங்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு தம்பிக்கு என் பதில்: வாங்காதே. புது வண்டியை வாங்கிய கையோடு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஓட்டை போட வைக்கிற கம்பெனிக்கு நீயும் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? கடைக்குப் போனால் கியரைப் பார்ப்பதற்கு முன் குனிந்து வால்வைப் பார். மோட்டார் வால்வு இருந்தால் மேற்கொண்டு பேசு. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ, இப்போதைக்கு இதுதான்.

இதைச் சொன்னதும், "அப்படீன்னா உங்க வண்டியையே எனக்குக் குடுத்துருங்கண்ணா, ஓட்டைதான் போட்டாச்சே" என்கிறான். கொடுக்க மாட்டேன்.