ஐஸ் கட்டியோடு கட்டிக் கொடுத்த ஃப்ளூ ஊசி

ஃப்ளூ ஊசியை விற்பது ஒரு கடை, போடுவது வேறோர் இடம், நடுவில் அதைக் குளிர் குறையாமல் கொண்டுபோவது வாங்கியவர் பாடு. டிசம்பரில் கும்பகோணம் போயிருந்தபோது, அம்மாவுக்கு ஊசி போடக் கிளம்பிய பிறகுதான் இந்த ஏற்பாடு எனக்குப் புரிந்தது.

நான் வசிக்கும் கனடாவின் டொரன்டோ நகரத்து ஸ்கார்பரோவில் மளிகை வாங்கப் போகும் கடைக்குள்ளேயே மருந்தகம் இருக்கும். அக்டோபர் பிறந்தால் வாசலில் பலகை வைத்துவிடுவார்கள். சுகாதார அட்டையைக் காட்டி, சட்டைக் கையை மடித்துக் குத்திக்கொண்டு, 15 நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுக் காய்கறிப் பையோடு வெளியே வரலாம். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆறு மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் அது இலவசம். மருந்து எதில் வைத்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்றெல்லாம் அங்கே யாரும் யோசிப்பதில்லை.

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பற்றி டொரன்டோ நண்பர்களிடம் நான் அளந்துவிடுகிற பெருமை கொஞ்சமில்லை. ஆனால் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் ஃப்ளூ ஊசி பற்றிக் கேட்டதும், “அது எங்களிடம் கிடையாது சார், தனியாரில்தான் கேட்க வேண்டும்” என்று சொல்லிவிட்டார். தேசியத் தடுப்பூசி அட்டவணையிலேயே அது இல்லை.

டாக்டர் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வருவார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே டோக்கன், அதே செருப்புக் குவியல். கூடம் முழுக்க இருமல். கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு மாட்டிக்கொண்டு திரிந்த முகக்கவசமெல்லாம் எங்கே போயிற்றோ! காய்ச்சல் வராமலிருக்க ஊசி எழுதி வாங்குவதற்கு, காய்ச்சல்காரர்களுக்கு நடுவில் அம்மாவை அத்தனை நேரம் உட்கார வைக்க வேண்டியிருந்தது. “ஐப்பசி மழைக்கு முன்பே போட்டிருக்கலாம். பரவாயில்லை, இப்போதாவது போடுங்கள்” என்றார் டாக்டர். அவர் சொன்னது நியாயம்தான். நம் பக்கத்தில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து ஏறுகிறது, ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும். ஆனால் இதை அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? டெங்குவுக்கு ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிறார்கள், நிலவேம்புக் குடிநீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஃப்ளூ ஊசிக்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது.

மருந்துக்கடையில் விலை 1,850 ரூபாய். கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து பெட்டியை எடுத்து ஒரு கேரி பேக்கில் போட்டார். மேலே ஐஸ் கட்டிகளைக் கொட்டி முடிச்சுப் போட்டார். “உருகுவதற்குள் போய்விடுங்கள் சார்.” அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் தொண்டை வலி என்று சொல்லி, சீட்டு எதுவும் இல்லாமலே அசித்ரோமைசின் வாங்கிக்கொண்டிருந்தார். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு என்று கேட்க வாய் வந்தது. எனக்கே பை சொட்டிக்கொண்டிருந்ததால் ஆட்டோவைப் பிடிக்க ஓடினேன். மகாமகக் குளத்தருகே வழக்கம்போல நெரிசல். அம்மா பையை மடியில் வைத்து, ஏதோ சாமி பிரசாதம்போல இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார்.

ஊசி போடும் இடத்தில் வயதான ஒரு சிஸ்டர் இருந்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முடிச்சை அவிழ்த்தார், நனைந்து கிழிந்த அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதை நான் போட மாட்டேன் தம்பி.”

“ஐஸ் இன்னும் முழுதாக உருகவில்லை சிஸ்டர். நல்ல குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது?”

“அதனால்தான் போட மாட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. 1,850 ரூபாய், டோக்கன், ஆட்டோ, எல்லாம் வீணா? அவர் குரலை உயர்த்தவில்லை. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சூடு பட்டால் கெடுவதுபோலவே உறைந்தாலும் கெட்டுவிடும், ஐஸ் நேராக மேலே படக்கூடாது என்றார். உறைந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. “உங்கள் அம்மா ஊசி போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்பார். உள்ளே ஒன்றுமே வேலை செய்யாது.”

பிறகு கடைக்குப் போன் போட்டார். விற்ற மருந்தைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் சொன்னது எனக்கே கேட்டது. சிஸ்டர் விடவில்லை. இத்தனை வருடம் ஊசி விற்கிறீர்கள், கட்டிக் கொடுக்கத் தெரியாதா என்று ஆரம்பித்து அவர் கொடுத்த கொடுப்பில், சற்று நேரத்தில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கினான். அவர் உள்ளிருந்த ஐஸ் பேக்கை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். ஐஸ் கொஞ்சம் உருகி, தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டால்தான் அதை மருந்துக்குப் பக்கத்தில் வைக்கலாமாம். கேட்டது. அம்மாவுக்கு ஊசி போட்டு, பேட்ச் எண்ணையும் தேதியையும் அவருடைய சர்க்கரை நோட்டில் எழுதி, 15 நிமிடம் உட்காரச் சொல்லி, 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒன்டாரியோவில் இந்தக் குலுக்கலை என் கண்ணில் காட்டாமலே யாரோ செய்து முடித்திருப்பார்கள். இங்கே அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு பிடிவாதக்காரியின் காதில் இருக்கிறது. அன்றைக்கு அவர் விடுப்பில் இருந்திருந்தால்?

இதைவிட எரிச்சல் புதன்கிழமை வந்தது. தெருக்கோடி அங்கன்வாடியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். நர்ஸ் அந்த நீலப் பெட்டியோடு வந்தார். நான்கு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் மருந்து, பக்கத்தில் பதிவேடு. வராத குழந்தையின் வீட்டுக்கு ஆளும் போனது. ஒரு பைசா செலவில்லை. டொரன்டோவில்கூட இப்படி வீடு தேடி வரமாட்டார்கள். ஆக, இந்த ஊருக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. கைக்குழந்தையின் மருந்துக்கு நீலப் பெட்டி, என் அம்மாவின் மருந்துக்குக் கேரி பேக்!

அன்று இரவு அம்மா மிளகு ரசம் வைத்தார், நொச்சி இலை போட்டு ஆவியும் பிடித்தார். ஊசி போட்டாயிற்றே என்றேன். “அது அது பாட்டுக்கு, இது இது பாட்டுக்கு” என்றார். இதமாக இருக்கும், நானும் குனிந்து பிடித்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா விவரம் கேட்டு வந்தார். விலையைச் சொன்னேன். அவருக்கு வரும் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, “எனக்கு வாங்கித் தருவாய், எதிர்வீட்டுக்காரிக்கு?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் கடைக்குப் போய், செப்டம்பருக்கு இரண்டு ஊசிக்கு முன்பணம் கட்டினேன். தெர்மாகோல் பெட்டியில் வைத்துத்தான் தர வேண்டும் என்று ரசீதின் பின்பக்கம் எழுதி, கடைக்காரரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன்.