சைகோனில் எந்த ரைஸ் பேப்பர் வாங்கலாம்?

இறால், பன்றி இறைச்சி, கீரை எல்லாம் வைத்துச் சுற்றும் கோய் குவோன் என்ற வியட்நாம் சுருளை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் முதலில் சாஸ் எது என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முக்கால்வாசி விஷயம் மேலே சுற்றும் ரைஸ் பேப்பரில், அதாவது அரிசி மாவில் செய்த அந்த மெல்லிய தாளில்தான் இருக்கிறது. சைகோன் சூப்பர் மார்க்கெட்டில் இதற்கென்றே நீளமாக ஒரு அடுக்கு வைத்திருப்பார்கள்: வட்டம், சதுரம், எள் தூவியது, பொரிக்க மட்டும் ஆகிற மெல்லிசு, தண்ணீரே தொட வேண்டாதது என்று.

வீட்டுக்கு என் ஓட்டு, 22 செ.மீ. வட்டத்தில் வரும் சாதாரணக் காய்ந்த தாளுக்கு. பாக்கெட்டின் பின்னால் அரிசி, மரவள்ளி மாவு, உப்பு, தண்ணீர் என்று மட்டும் இருந்தால் போதும். மரவள்ளி சேர்வதால்தான் தாள் இழுத்தால் கிழியாமல் வளைந்து கொடுக்கிறது, ஆனால் அது ரொம்பக் கூடிவிட்டால் சுற்றியது கண்ணாடி மாதிரி பளபளவென்று அழகாக இருக்கும், வாயில் போட்டால் ரப்பர். விலை குறைவு என்று ஒரு கடையில் வாங்கிய பாக்கெட்டில் பாதித் தாள் ஓரத்தில் விரிசலோடு இருந்தது. அதனால் பிளாஸ்டிக் உறை வழியாக ஓரங்களைப் பார்த்துவிட்டே எடுங்கள். சதுரத் தாள் எனக்கு ஒத்துவரவில்லை, மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து அந்த இடம் மட்டும் தடியாகிவிடுகிறது.

நனைக்கும்போது வெந்நீர் வேண்டாம். அறைச் சூட்டில் உள்ள தண்ணீரில் ஒரு சுற்று சுற்றி, தாள் இன்னும் விறைப்பாக இருக்கும்போதே ஈரத் தட்டில் போட்டுவிட வேண்டும், உள்ளே வைப்பதை எடுத்து அடுக்குவதற்குள் அதுவே இளகிவிடும். தண்ணீரிலேயே மெத்தென்று ஆகட்டும் என்று விட்டால் கையில் ஒட்டிக்கொண்டு கிழியும். லெட்டூஸ், புதினா, அரிசிச் சேமியா, வேகவைத்து மெலிதாக நறுக்கிய பன்றி வயிற்றுப்பகுதி, இவை உங்கள் பக்கம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த இறால் தள்ளி எதிர்ப்பக்கம், சிவப்பு முகம் கீழே பார்க்க. அப்போதுதான் கடைசிச் சுற்றில் அது வெளியே தெரியும். ஹே என்ற, பூண்டு வாசம் வரும் நீளத் தழையை ஒரு முனையில் நீட்டிக்கொண்டிருக்க விடுவது இங்கே வழக்கம். இறைச்சி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், வதக்கிய பூண்டு, ஹோய்சின் என்ற இனிப்புச் சோயா சாஸ், வேர்க்கடலை வெண்ணெயோடு அதில் இரண்டு கரண்டி விட்டுக் கொதிக்கவைத்தால் அதுதான் சாஸ்.

டே நின் மாகாணத்து ட்ராங் பாங் ஊர்த் தாள் தனி ரகம். மாவை இரண்டு அடுக்காக ஊற்றி ஆவியில் வேகவைத்து, நம் வற்றல் போல வெயிலில் காயவைத்து, தணலில் சுட்டு, அப்புறம் இரவுப் பனியில் விரித்து இளக விடுகிறார்கள். நனைக்கவே தேவையில்லை, பாக்கெட்டைப் பிரித்து அப்படியே சுற்றலாம். லேசான உப்பு, சுட்ட வாசம், கொஞ்சம் கடிபடும் பதம். சுவையில் மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் பிரித்து வைத்தால் சீக்கிரமே காய்ந்து முறுகிவிடும், அன்றே தீர்க்க ஆள் வேண்டும். அவித்த இறைச்சியும் கூடை நிறையத் தழையும் நடுவில் வைத்து, அவரவர் கையால் சுற்றிச் சாப்பிடும் வீட்டுக்கு இது சரி, முன்கூட்டியே செய்து அடுக்கி வைப்பவர்களுக்குச் சரிவராது.

முன்கூட்டிச் செய்தாலும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், தாள் விறைத்துவிடும். ஒன்றையொன்று தொடாமல் இடையில் லெட்டூஸ் இலை வைத்து ஈரத்துணியால் மூடினால் இரண்டு மணி நேரம் தாங்கும். பாக்கெட்டில் உடைந்து கிடக்கும் தாள்களையும் தூக்கிப் போட வேண்டாம். கத்தரிக்கோலால் நீளநீளமாக வெட்டி, பச்சை மாங்காய்த் துருவல், காய்ந்த மாட்டிறைச்சி நார், அவித்த காடை முட்டை, மிளகாய் உப்பு போட்டுப் பிசைந்தால் பள்ளிக்கூட வாசலில் விற்கும் பான் ட்ராங் ட்ரோன் தயார்.