ஒரே வாட்ச், மூன்று விலை: ஷோரூம், கிரே மார்க்கெட், செகண்ட் ஹேண்ட்

ஒரே மாடல், ஒரே ரெஃபரன்ஸ் எண் (நிறுவனம் மாடலுக்குத் தரும் எண்). ஷோரூம் பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், கிரே மார்க்கெட்டில், அதாவது நிறுவன அங்கீகாரம் இல்லாமல் புது வாட்ச் விற்கும் கடைகளில், அது 75-க்கும் கிடைக்கலாம், 140-ம் கேட்கலாம். மூன்று வருடம் கட்டிய வாட்ச் 65-க்கு வரலாம். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு, நாளைக்கு அது நின்றுபோனால் யார் பொறுப்பு என்பதற்கான விலை. மூன்று வழியையும் அந்தக் கணக்கோடு பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

ஷோரூம்

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில் கிடைப்பது முழு வாரண்டி. பில் போட்ட தேதியில் தொடங்கி கடைசி நாள் வரை அது உங்களுடையது. ரோலெக்ஸ் 2015 முதல் 5 ஆண்டு தருகிறது, ஒமேகா 2018 முதல் 5 ஆண்டு. ஐடபிள்யூசி, ஜேஜர்-லெகூல்ட்ர் போன்றவை 2 ஆண்டு தருகின்றன. அந்த 2 ஆண்டுக்குள் இணையத்தில் பதிவு செய்தால் 8 ஆண்டு வரை நீளும். பதிவு செய்ய மறந்துவிட்டு மூன்றாம் வருடம் வந்து நிற்பவர்கள் நிறைய.

ஷோரூமின் தலைவலி காத்திருப்பு. வெயிட்டிங் லிஸ்ட் என்று பெயர்தான். பல இடங்களில் வரிசை எண் என்று எதுவும் கிடையாது. ரோலெக்ஸின் ஸ்டீல் டேடோனாவோ ஜிஎம்டியோ போன்ற கிராக்கியான மாடல் வந்தால் யாருக்குக் கொடுப்பது என்பது கடைக்காரர் கையில். அங்கே ஏற்கெனவே நிறைய வாங்கியவருக்கே முதலிடம். “இந்த இரண்டை எடுங்கள், அது வரும்போது சொல்கிறோம்” என்று சாடையாகச் சொல்வார்கள். அப்போது கணக்கு இதுதான்: வேண்டாத அந்த இரண்டு வாட்சையும் திரும்ப விற்றால் எவ்வளவு நஷ்டமோ, அதை வேண்டிய வாட்சின் விலையோடு கூட்டுங்கள். பல சமயம் கூட்டுத்தொகை கிரே மார்க்கெட் விலையைத் தாண்டிவிடும். அதற்குமேல் ஷோரூம் விலை என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ரோலெக்ஸ், படேக் ஃபிலிப் கடைகளில் பேரம் பேசி வேலையில்லை. மற்ற பல பிராண்டுகளில் மெதுவாக நகரும் மாடலுக்குக் கேட்டால் குறைப்பார்கள், கேட்காதவருக்கு முழு விலை. கிரே மார்க்கெட்டில் 78-க்கு இருப்பதை ஷோரூம் 88-க்குத் தர ஒத்துக்கொண்டால், மீதி 10-ஐக் கொடுத்துவிட்டு முழு வாரண்டியோடு எடுப்பது நல்லது.

கிரே மார்க்கெட்

இங்கே வருவது பெரும்பாலும் அசல் சரக்கு. விற்காமல் தேங்கியதை ஷோரூம்காரர் மொத்தமாக இடைத்தரகருக்குத் தள்ளிவிடுவார். அங்கிருந்து இணையக் கடைக்கு வரும். அதனால் வாட்ச் அசலா என்பதைவிட முக்கியமான கேள்வி, வாரண்டி கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்பது.

கார்டில் தேதியும் கடையின் விவரமும் பதிந்திருந்தால் நிறுவன வாரண்டி செல்லும், ஆனால் அந்தத் தேதியிலிருந்து. பெட்டியில் 14 மாதம் தூங்கிய வாட்சை வாங்கினால் 14 மாத வாரண்டி போயே போச்சு. ‘புத்தம் புதுசு’ என்ற வார்த்தையை நம்பாமல் கார்டின் தேதி தெரியும் படத்தை முதலில் கேளுங்கள். கார்டு நிரப்பப்படாமல் காலியாக இருந்தால் நிறுவனம் ஏற்க மறுக்கலாம். வாரண்டி இல்லை என்று வைத்தே விலை பேசுங்கள்.

மூன்றாவது வகை ஆபத்தானது: கேஸில் சீரியல் எண்ணையே சுரண்டி எடுத்திருப்பார்கள். எந்த ஷோரூமிலிருந்து சரக்கு கசிந்தது என்று நிறுவனம் கண்டுபிடிக்காமலிருக்கச் செய்யும் வேலை அது. சர்வீஸ் சென்டர் அதைத் தொட மறுக்கலாம். பின்னால் விற்கப்போனால் வாங்குபவர் திருட்டுப் பொருள் என்றே நினைப்பார். எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

நிறுவன வாரண்டிக்குப் பதிலாக ‘எங்கள் வாரண்டி 2 வருடம்’ என்பார்கள். இதில் கேட்கவேண்டியது: பழுது பார்ப்பது யார், உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது, அனுப்பும் செலவு யாருடையது, திறந்து மூடியபின் நீர்ப்புகாச் சோதனை செய்து தருவார்களா. பல சுவிஸ் நிறுவனங்கள் அங்கீகாரம் இல்லாத பட்டறைகளுக்கு உதிரிபாகம் தருவதில்லை. மூன்று முள் மட்டும் உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக் என்றால் எப்படியும் சமாளிக்கலாம். குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ளது), பெர்பெச்சுவல் காலண்டர் (மாத நாட்களைத் தானே கணக்கிடும் காலண்டர்) போன்றவை இந்த வாரண்டியில் மாட்டினால் மாதக்கணக்கில் திரும்பி வராது.

எங்கள் அளவுகோல்: தள்ளுபடி, அந்த வாட்சின் ஒரு முழு சர்வீஸ் செலவைப்போல இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். அதற்குக் குறைவென்றால் கிரே மார்க்கெட் பக்கமே போகவேண்டியதில்லை.

பட்டியல் விலைக்கு மேலே விற்கும் மாடல்களில் கதை வேறு. அங்கே நீங்கள் வாங்குவது நேரத்தை, அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்ட்

அதிகம் மிச்சமாவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். பெட்டியும் கார்டும் இருப்பது மட்டும் போதாது. கார்டையும் போலியாக அடிக்கிறார்கள். கார்டில் உள்ள சீரியல் எண் கேஸில் உள்ளதோடு பொருந்தவேண்டும். புதிய ரோலெக்ஸில் அது டயலைச் சுற்றியுள்ள உள்விளிம்பில், 6 மணி இடத்தில் பொறித்திருக்கும்.

அடுத்து லக், அதாவது பிரேஸ்லெட் கேஸோடு சேரும் கொம்புகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பான பகுதியும் பிரஷ் செய்த மங்கலான பகுதியும் சந்திக்கும் கோடு கத்தி வைத்தது போலிருந்தால் பாலிஷ் படாதது, அல்லது நல்ல கை பட்டது. கோடு மழுங்கி, ஒரு பக்கக் கொம்பு மெலிந்து, பிரேஸ்லெட் முள் போகும் துளை விளிம்புக்கு நெருங்கித் தெரிந்தால், பலமுறை தேய்த்திருக்கிறார்கள். போன உலோகம் திரும்பாது. சின்னக் கீறல்களோடு பாலிஷ் செய்யாத வாட்சுக்கே விலை அதிகம். கண்ணாடி போல மின்னுவதைப் பார்த்து மயங்கவேண்டாம்.

பழைய மாடல் என்றால் டயலின் அடியில் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். 1990-களின் பிற்பகுதிவரை பல சுவிஸ் வாட்சுகளில் இருட்டில் ஒளிர டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசி, ‘சுவிஸ்’ என்பதோடு ‘டி’ எழுத்தும் அச்சிட்டார்கள். டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதாவது அத்தனை ஆண்டுக்கொருமுறை அதன் அளவு பாதியாகும். ஆகவே 1985 வாட்சின் முள் இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால், முள்ளோ டயலோ மாற்றப்பட்டிருக்கிறது அல்லது மறுபடி பூசப்பட்டிருக்கிறது. கட்டிக்கொள்ள அதனால் பாதகமில்லை; ஆனால் ‘முழுக்க ஒரிஜினல்’ விலை கொடுக்கக்கூடாது.

டைம்கிராஃபரில், அதாவது டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவியில், வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே இருக்கும் நிலையில் ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஆடும் பேலன்ஸ் சக்கரம் திரும்பும் அளவு) ஏறக்குறைய 270 முதல் 310 டிகிரி இருந்தால் நலம். செங்குத்தாக வைக்கும்போது 220-க்குக் கீழே இறங்கினால் சர்வீஸ் நெருங்கிவிட்டது. பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம்) 1 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: கருவியில் லிஃப்ட் ஆங்கிள் (ஆம்ப்ளிட்யூடைக் கணக்கிட உதவும், எந்திரத்துக்கு எந்திரம் மாறும் கோணம்) சரியாக அமைத்திருக்கவேண்டும். வழக்கமாக 52 டிகிரியில் இருக்கும். ஒமேகாவின் கோ-ஆக்சியல் 8500 வகை எந்திரத்துக்கு 38 வேண்டும். மாற்றாமல் வைத்தால், அலுத்துப்போன வாட்ச்கூட இளவட்டம் மாதிரி எண் காட்டும். ஒருநாளைக்கு 30, 40 விநாடி வேகமாக ஓடினால் முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் நீக்கச் சில நொடி போதும். விற்பவருக்கு அது தெரியாவிட்டால் விலை குறைக்க நல்ல வாய்ப்பு.

கடைசி சர்வீஸ் பில் இல்லையென்றால் சர்வீஸே ஆகவில்லை என்று வைத்து, அந்தச் செலவைக் கேட்கும் விலையில் கழியுங்கள். ‘போன வருஷம்தான் பார்த்தோம்’ என்பதற்கு மதிப்பு பூஜ்யம். பிரேஸ்லெட்டைச் சிறிதாக்கக் கழற்றிய லிங்க்குகள் (கண்ணிகள்) கூட வருகின்றனவா என்றும் கேளுங்கள். அசல் லிங்க் தனியாக வாங்கினால் விலை வலிக்கும்.

உயர்தர நகல்களை இன்று வெளிப்பார்வையில் பிடிப்பது கஷ்டம், உள்ளே ஓடும் எந்திரத்தையும் பார்த்துப் பார்த்து நகலெடுக்கிறார்கள். பின்மூடியைத் திறந்து, அந்த காலிபரை, அதாவது அந்த வகை எந்திரத்தை, அடிக்கடி கையாளும் கைவினைஞர் பார்த்தால்தான் நிச்சயம். திறக்க விடாத தனிநபரிடம் வாங்கவேண்டாம். திருட்டு வாட்சுகளின் பதிவேடான தி வாட்ச் ரெஜிஸ்டரில் சீரியல் எண்ணைத் தேடிப்பார்ப்பது சிறு கட்டணத்தில் முடிகிற வேலை.

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் ரோலெக்ஸ் சான்றளித்த பழைய வாட்ச் திட்டத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த ஷோரூம்களில் 2 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். வெளியே கிடைப்பதைவிட விலை கூடுதல். சரிபார்க்க நேரமோ ஆளோ இல்லாதவருக்கு அந்தக் கூடுதல் நியாயம்தான்.

எது யாருக்கு

தள்ளுபடியில் விற்கும் பிராண்டு என்றால் எங்கள் முதல் தேர்வு, நிறுவன வாரண்டி இன்னும் 2, 3 ஆண்டு மிச்சமிருக்கும் செகண்ட் ஹேண்ட். முதல் சரிவை முந்தைய ஆள் தாங்கிவிட்டார், வாரண்டி உங்களிடம் வருகிறது. கிரே மார்க்கெட்டின் காலி கார்டைவிட இது பலமடங்கு பத்திரம். பட்டியல் விலைக்கு மேல் போகும் மாடலுக்கு, காத்திருக்க முடிந்தால் ஷோரூம். சிக்கலான எந்திரம் என்றாலும் ஷோரூம்தான்.

தூரத்திலிருந்து வாங்கினால், பொருள் கைக்கு வந்து சரிபார்க்கும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் தளம் வழியாகவே செலுத்துங்கள். பார்சலைப் பிரிப்பதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்ப 14 நாள் தந்திருந்தால், இரண்டாம் நாளே வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்து டைம்கிராஃபர், பின்மூடி, நீர்ப்புகாச் சோதனை மூன்றையும் முடித்து எழுத்தில் வாங்குங்கள். அதுவரை ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்கவோ லிங்க்கைக் கழற்றவோ வேண்டாம். இரண்டும் திருப்பி எடுக்க மறுப்பதற்குச் சாக்காகிவிடும்.