டிசைன் புரூஃபுக்கும் ஓவியப் பிரதிக்கும் ஒரே பிரிண்டர்: எப்சன் எல் 18050

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைகளின் கேட்லாக், ஜவ்வரிசிக்கும் மாம்பழப் பெட்டிக்கும் லேபிள், கல்யாணப் பத்திரிகை, ஏற்காட்டு எஸ்டேட்டுகளின் காபித்தூள் பாக்கெட் என்று சேலத்து டிசைனர்களிடம் வரும் வேலைகளில் பெரும்பாலானவை கடைசியில் ஆஃப்செட் அச்சுக்குப் போகிறவையே. அச்சுத் தகடான பிளேட் போடுவதற்கு முன், அச்சு எப்படி வரும் என்று காட்டும் மாதிரியான ஒரு புரூஃப் தாளை வாடிக்கையாளர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். திரையில் பார்த்துத் தலையாட்டிய நிறம் அப்படியே அச்சில் வராது என்பது இத்தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதே டிசைனர்களில் ஓவியமும் வரைகிறவர்கள், மே மாதக் கோடை விழாவையொட்டி ஏற்காட்டுக்கு வருகிறவர்களிடம் தங்கள் நீர்வண்ண ஓவியங்களின் பிரதிகளை விற்க விரும்புகிறார்கள். இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து, கையைக் கடிக்காத விலையில் எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்று கேட்டால், சில நிபந்தனைகளோடு எப்சன் எல் 18050 என்பதே என் பதில்.

இது ஏ3 பிளஸ், அதாவது 329 × 483 மில்லிமீட்டர் தாள் வரை அச்சிடும் இங்க் டேங்க் பிரிண்டர். ஏ4 அளவுள்ள கேட்லாக்கின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் பிளீட் (வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க ஓரத்தில் கூட்டி அச்சிடும் பகுதி), வெட்டுக்குறிகளோடு முழு அளவில் ஒரே தாளில் காட்ட இந்த அளவு தேவைப்படுகிறது. வெறும் ஏ3 தாளில் குறிகளுக்கு இடமிருக்காது. லேபிளும் பத்திரிகையும் மட்டும் செய்பவர்களுக்கு, இதே ஆறு மை கொண்ட எல் 8050 ஏ4 அளவில், இதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அவர்கள் பெரியதை வாங்க வேண்டியதில்லை.

வழக்கமான நான்கு மைகளோடு (சயான் என்னும் நீலம், மெஜந்தா என்னும் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் சேர்ந்து ஆறு மைகள் இதில் இருக்கின்றன. இந்த இரண்டு வெளிர் மைகளின் பயனை ஏற்காட்டு ஏரியின் மேல் விடிகாலையில் படியும் பனிமூட்டத்தை வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியத்தை அச்சிட்டுப் பார்த்தால் உடனே உணரலாம். நான்கு மைப் பிரிண்டர் வெளிர் சாம்பல் நீலத்தைக் காட்ட, அடர்ந்த சயான் புள்ளிகளை விட்டுவிட்டுத் தெளிக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் பனி இருக்க வேண்டிய இடத்தில் ரவை தூவியது போன்ற சொரசொரப்புத் தெரியும். ஆறு மையில் அதே இடத்தை வெளிர் புள்ளிகள் நெருக்கமாக நிரப்புவதால், ஏரிக்கரை மரங்கள் வெள்ளைக்குள் கரையும் விளிம்பு அறுபடாமல் வருகிறது. ஓவியப் பிரதிக்காக வாங்குகிறவர்கள் விளம்பரத்தில் வரும் புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு இந்த வெளிர் பகுதிகளைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இதில் சாம்பல் நிற மை இல்லை. இந்தக் குறையின் பொருள் கொலுசு கேட்லாக்கில் விளங்கும். வெள்ளிப் பொருளின் படம் என்பது ஏறத்தாழ முழுவதும் நடுநிலைச் சாம்பல்தான். அதைச் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்தே இந்தப் பிரிண்டர் பெரும்பாலும் உருவாக்குகிறது. மூன்றில் ஒன்று இம்மியளவு கூடினாலும் வெள்ளி செம்பு கலந்ததுபோல் சிவக்கும், அல்லது பச்சை தட்டும். அந்தத் தாளுக்கென்றே அளந்து உருவாக்கிய ஐசிசி புரொஃபைல் (நிறங்கள் எப்படி வருகின்றன என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) இதைப் பெருமளவு சரிசெய்கிறது. அப்படியும், பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான 5000 கெல்வின் விளக்கின் கீழ் சரியாகத் தெரிந்த சாம்பல், கடையின் மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் வேறு சாயை காட்டக்கூடும். மூன்று மைகளால் ஆன சாம்பலுக்கு இந்த இயல்பு அதிகம். ஆகவே வெள்ளிக் கடைக்காரரிடம் புரூஃப் காட்டும்போது வாசலுக்கு அழைத்து வந்து பகல் வெளிச்சத்தில் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவது நல்லது. கேனன் ஜி 570 பிரிண்டரில் சாம்பல், சிவப்பு மைகள் உண்டு. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அது பொருத்தமானது, ஆனால் ஏ4 அளவோடு நின்றுவிடுகிறது.

புரூஃபின் நம்பகம் பிரிண்டரை விட அதை இயக்கும் முறையில்தான் அதிகம் இருக்கிறது. கணினியில் பிரிண்டரை இயக்கும் டிரைவரின் நிறத் திருத்தத்தை முழுவதுமாக அணைத்துவிட்டு, போட்டோஷாப் போன்ற மென்பொருளிடம் நிறப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். அச்சகம் தன் மெஷினுக்கான புரொஃபைலைக் கொடுத்தால் அதையும், கொடுக்காவிட்டால் ஆர்ட் பேப்பர் வேலைக்கு ஃபோக்ரா 39 என்னும் பொதுவான ஆஃப்செட் புரொஃபைலையும் புரூஃப் அமைப்பில் வைத்து, தாளின் நிறத்தையும் சேர்த்துப் போலச் செய்யும் தெரிவை இட்டு அச்சிட்டால், ஆஃப்செட்டில் எட்ட முடியாத பளீர்ப் பச்சையும் ஆரஞ்சும் புரூஃபிலேயே அடங்கி வரும். வாடிக்கையாளர் அப்போது முகம் சுளிப்பார்; ஐயாயிரம் பிரதி அச்சான பிறகு சுளிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஐஎஸ்ஓ 12647-7 தரப்படி நிறக் கட்டங்கள் கொண்ட அளவுப் பட்டையை அளந்து சான்றளிக்கும் ஒப்பந்தப் புரூஃபை இந்த அமைப்பிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. பத்திரிகைகளில் வரும் தங்க ஃபாயிலையும் உலோக மையையும் எந்த ஆறு மைப் பிரிண்டரும் காட்டாது. அதற்கு ஃபாயில் மாதிரியையே புரூஃபோடு இணைத்துக் கொடுக்க வேண்டும்.

மலிவான போட்டோ பேப்பர்களில் நீல வெண்மை கூட்டும் ரசாயனம் நிறையச் சேர்த்திருப்பதால், காபிப் பாக்கெட்டின் பழுப்பு நிறம் அவற்றின் மேல் குளிர்ந்து போய்விடும். மிதமான வெண்மையுள்ள, இங்க்ஜெட் பூச்சு கொண்ட அரைப்பளபளப்புத் தாள் புரூஃபுக்கு ஏற்றது. ஓவியத்துக்குப் பளபளப்பில்லாத மேட் பூச்சுள்ள பருத்தித் தாள். ஓவியம் வரையும் சாதாரண நீர்வண்ணத் தாளைப் பிரிண்டரில் விட்டால் மை உள்ளே இறங்கி நிறம் மங்கிவிடும். தடித்த தாளைக் கட்டாக வாங்குவதற்கு முன் ஓரிரு தாளை விட்டு, ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல் 18050 பயன்படுத்துவது டை மை, அதாவது நிறம் கரைந்திருக்கும் சாய மை. கிளாசித் தாளில் அதன் நிறச்செழுமை கண்ணைப் பறிக்கும். மேட் தாளில் கறுப்பு சற்று வெளுத்தே நிற்கும். ஒளியையும் ஈரக் காற்றையும், நிறம் நுண்துகள்களாக இருக்கும் பிக்மென்ட் மை அளவுக்கு அது தாங்குவதில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுதும் மேகத்துக்குள் இருக்கும் ஏற்காட்டு வீடுகளிலும் காட்டேஜ்களிலும் கண்ணாடி போடாமல் மாட்டும் படத்துக்கு இது ஏற்றதல்ல. எண்ணிட்டுக் கையொப்பமிட்டு நல்ல விலைக்கு விற்கும் பிரதிகளுக்குப் பத்து பிக்மென்ட் மைகள் கொண்ட எப்சன் ஷ்யூர்கலர் பி 700 போன்றதுதான் முறையானது. ஆனால் அதன் கார்ட்ரிட்ஜ் ஒன்றில் இருப்பது 25 மில்லி மை. எல் 18050 பாட்டிலில் 70 மில்லி இருக்கிறது, அதன் விலையும் கார்ட்ரிட்ஜைவிட மிகக் குறைவு. அன்றாடம் புரூஃப் எடுக்கும் இடத்துக்கு இந்த வேறுபாடு மாதச் செலவையே மாற்றிவிடும். எனவே புரூஃபையும் சிறு விலைப் பிரதிகளையும் இதில் எடுத்துக்கொண்டு, உயர்விலைப் பிரதிகளை மட்டும் பிக்மென்ட் வசதியுள்ள போட்டோ லேபில் கொடுத்து வாங்குவதே கட்டுப்படியாகும் வழி என்று நினைக்கிறேன். விற்கும்போது, கண்ணாடிச் சட்டமிட்டு நேர் வெயில் படாத சுவரில் மாட்டும்படி எழுதிக் கொடுப்பது வாங்குகிறவருக்குச் செய்ய வேண்டிய நியாயம்.

சேலத்துக் கோடையில் வேலை இல்லாத வாரங்களிலும் மை வரும் துளைகளைச் சோதிக்கும் ஒரு நாசில் செக் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்டில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். பிரிண்டரை எப்போதும் அதன் பட்டனிலேயே அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் சரியாகப் போய் அமரும், சுவரில் உள்ள சுவிட்சை நேராக அணைத்தால் அது திறந்தபடியே நின்றுவிடலாம். மின்தடை உள்ள பகுதிகளில் இந்தக் காரணத்துக்காகவே ஒரு சிறிய யுபிஎஸ் அவசியம். வேறு நிறுவனத்து மாற்று மையின் நிறம் வேறு என்பதால், அதை ஊற்றிய அன்றே புரொஃபைல் செல்லாமல் போகும். வாங்கப் போகும்போது சாம்பல் படிகள், ஒரு முகம், ஒரு வெளிர் வானம் மூன்றும் உள்ள கோப்பையும் நீங்கள் பயன்படுத்தும் தாளில் இரண்டு ஷீட்டையும் கொண்டுபோய், கடையிலேயே அச்சிட்டு வாசல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.