எண்ணத்தைத் திருத்துவதா, கதையை மாற்றிச் சொல்வதா?

"நான் எதற்கும் லாயக்கில்லாதவள்" என்று ஒரு பெண் சொல்கிறாள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடங்கிவைத்த அறிவாற்றல் சிகிச்சை வழியில் வந்த ஆலோசகர் அந்த வாக்கியத்தையே சோதிப்பார். இதற்கு ஆதாரம் என்ன? எதிராக என்ன இருக்கிறது? தாளில் ஆதாரம் ஒரு பக்கம், எதிர்ச்சான்று மறுபக்கம், வீட்டுக்குக் கொஞ்சம் பயிற்சி. எண்ணம் பிசகியிருக்கிறது, சரிசெய்யலாம் என்பதே அடிப்படை.

நம்மைப் பற்றி நாம் நம்புவது சமூகத்தில் உருவாவது என்னும் சமூகக் கட்டமைப்புவாதத்தில் வேர்விட்ட கதையாடல் சிகிச்சை வேறு இடத்தில் கை வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த முறை இது. 'லாயக்கு' என்பதை அளக்கும் கோலை யார் கொடுத்தார்கள் என்று அது கேட்கும். பிறகு சிக்கலுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லும். அவள் "குறை சொல்லும் குரல்" என்கிறாள். அந்தக் குரல் எப்போது உரக்கப் பேசுகிறது? யார் பக்கத்தில் இருந்தால் அடங்குகிறது? அதன் பேச்சை மீறி நீங்கள் செய்த காரியம் ஏதாவது உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. மறந்துபோன ஒரு நாள் நினைவுக்கு வரும். அங்கிருந்து வேறொரு கதை கிளைக்கும்.

ஆய்வுச் சான்று என்று பார்த்தால் முதலாவதுதான் வெகுவாக முன்னால் நிற்கிறது. பீதித் தாக்குதலுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் சமூகப்பணியாளர் சந்திக்கும் வறுமையிலும் குடும்ப வன்முறையிலும், பாதிக்கப்பட்டவரின் எண்ணத்தில் பிழை தேடத் தொடங்குவது எனக்கு உறுத்துகிறது. அடிக்கிறவன் அதே வீட்டில் இருக்கும்போது அவளுடைய பயம் பிசகல்ல. அங்கே நான் கதையாடல் பக்கம்தான், அவளுக்குப் பாதுகாப்பான இடம் முதலில் கிடைத்திருந்தால்.